பிரெஞ்சுக்கு ஆங்கிலத்துக்கூடாகப் போகாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிரெஞ்சு உச்சரிப்புப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதும்போது இரண்டு குறிகள் போட்டிருக்கிறோம். எழுத்துக்குப் பக்கத்தில் ° வந்தால் நாக்கை அந்த எழுத்துக்குரிய இடத்தில் வைத்து, இதழை மட்டும் குவிக்க வேண்டும். ~ வந்தால் மூக்காலும் காற்று போக வேண்டும். குறி வழிகாட்டி மட்டும்தான். ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட்டு வாயில் எடுங்கள்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அறையைப் பகல் 12 மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்கிறேன். விருந்தினர் 2 மணிக்கு வந்து நிற்கிறார்கள். என் பிழையா, அவர்கள் சாட்டா?

பிழை உங்கள் உதட்டில்தான் இருக்கும். பிரெஞ்சில் 2 மணி ‘தே° ஸே°ர்’. 12 மணி ‘தூ ஸே°ர்’. இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு உயிரொலிதான் வேறுபாடு. முதலாவதில் ‘குவிந்த ஏ’, இரண்டாவதில் ‘ஊ’. தமிழில் நாங்கள் ஊ சொல்லும்போது உதட்டை அரைகுறையாகத்தான் குவிக்கிறோம். சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு உதட்டை அசைப்பதே இல்லை. அந்தச் சோம்பல் உதட்டோடு ‘தூ ஸே°ர்’ சொன்னால் பிரெஞ்சுக் காதுக்கு அது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கேட்கும். விடுமுறைக்கு வந்தவர் தனக்கு வசதியான மணியை எடுத்துக்கொள்வார்.

ஊ-வை முதலில் திருத்துங்கள். விசில் அடிக்கப்போவதுபோல உதட்டை முன்னுக்குத் தள்ளிச் சிறு துளையாக்கி ‘தூ’ சொல்லுங்கள். பாடுமீன் ஊர்க்காரருக்கு மீன் வாய் வைக்கவா சொல்லித்தர வேண்டும்? அடுத்தது குவிந்த ஏ. கண்ணாடி முன்னால் நின்று ‘ஏ…’ என்று நீட்டுங்கள். நாக்கு நுனி கீழ்வரிசை முன்பல்லின் உட்புறத்தைத் தொட்டிருக்கட்டும். சத்தத்தை நிறுத்தாமல், நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஓ’வுக்குக் குவியுங்கள். வருவதுதான் தே°-வின் உயிர். உதடு குவியும்போது நாக்கும் பின்னால் இழுபட்டால் ‘தோ’ ஆகிவிடும். எல்லாருக்கும் முதல் நாள் நடப்பது அதுதான். நுனி பல்லை விட்டுப் போனதா என்று கவனியுங்கள், பிழை அங்கேயே பிடிபடும்.

உதடு பழகும்வரைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. பகல் 12 மணிக்குப் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் எண்ணைச் சொல்வதில்லை, ‘மிதி’ என்றுதான் சொல்வார்கள் (காலால் மிதிப்பதல்ல, ‘பந்து’வில் வரும் த). பிற்பகல் 2 மணியை 24 மணிக் கணக்கில் ‘கத்தோர்ஸ் ஏ°ர்’, அதாவது 14 மணி என்று சொல்லலாம். இந்த இரண்டையும் பழகினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. காசுக்குத்தான் குறுக்குவழி கிடையாது. 2 யூரோவும் 12 யூரோவும் அதே ஜோடிதான். எழுதிக் காட்டிவிடுங்கள்.

நான் கல்லடியில் உயர்தரம் படிக்கிறேன். ‘தெரு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை ‘ரியூ’ என்று சொன்னால் ஆசிரியை பிழை என்கிறார். ‘ரூ’ என்றாலும் பிழை என்கிறார். வேறு எப்படித்தான் சொல்வது?

இரண்டும் பிழைதான். ‘ரூ’ என்றால் சக்கரம். ‘ரியூ’ என்று ஒரு சொல்லே இல்லை, அது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த பழக்கம். சரியானது ‘ரீ°’.

தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவிக்கு இதை விளக்குவது சுலபம். தொல்காப்பியப் பிறப்பியல் உயிரெழுத்துகளைப் பிரிக்கும்போது இ, ஈ, எ, ஏ, ஐ ஆகியவை நா விளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பவை என்றும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிந்து பிறப்பவை என்றும் சொல்கிறது. தமிழில் இவை இரண்டு தனி அணிகள். நாக்கு முன்னுக்கு வந்தால் இதழ் விரியும், இதழ் குவிந்தால் நாக்கு பின்னுக்குப் போகும். பிரெஞ்சு இந்த இரண்டையும் கலக்கிறது. நாக்கு முதல் அணியில் நிற்க, இதழ் இரண்டாவது அணிக்குப் போகிறது. ஈ-யின் நாக்கும் ஊ-வின் இதழும் சேர்ந்தால் ஈ°. ஏ-யின் நாக்கும் ஓ-வின் இதழும் சேர்ந்தால் மேலே சொன்ன ஏ°. ‘ரியூ’ சொல்லும்போது நீங்கள் செய்வது ஈ-யையும் ஊ-வையும் அடுத்தடுத்து ஒலிப்பது. செய்ய வேண்டியது ஒரே நேரத்தில் ஒலிப்பது.

‘தீ° – தூ’ (நீ – எல்லாம்), ‘ரீ° – ரூ’ (தெரு – சக்கரம்), ‘தெஸீ° – தெஸூ’ (மேலே – கீழே) என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகுங்கள். கடைசி ஜோடியை மாற்றிச் சொன்னால் கட்டிலுக்குக் கீழே இருப்பதை மேலே தேடுவார்கள். புதிய ஒலி கைவந்த உற்சாகத்தில் அதை எல்லா இடத்திலும் போடவும் வேண்டாம். ‘மெர்சி பொக்கூ’வில் வருவது வெறும் ஊ. அதை ஈ° ஆக்கினால் நன்றி சொல்லப் போய் எதிரே நிற்பவரின் பின்புறத்தைப் புகழ்ந்தவராவீர்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். காத்தான்குடியிலிருந்து எழுதுகிறேன். மகன் இணையவழியில் பிரெஞ்சு படிக்கிறார். ‘ர’ மட்டும் வரவில்லை என்று கவலைப்படுகிறார். தொண்டையைக் காறிக் காறி நோவும் வந்துவிட்டது.

வஅலைக்கும் முஸ்ஸலாம், சகோதரி. காறுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மகன் குர்ஆன் ஓதியவர் என்றால் அந்த ஒலி அவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘மஃரிப்’ என்ற சொல்லின் நடுவில் அரபியில் ‘கைன்’ எழுத்து வருகிறதல்லவா? பிரெஞ்சு ‘ர’ பிறக்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். ‘ஷைக்’ என்பதன் கடைசியில் வரும் ‘கா’ எழுத்தின் ஒலி, ப், த், க் ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் பிரெஞ்சு ‘ர’வுக்குப் பொருந்தும். மூன்று என்பதற்கான ‘த்ர்வா’வில் உள்ள ர அப்படித்தான் குரலில்லாமல் காற்றாகவே கேட்கும். மத்ரஸாவில் மக்ரஜ் பார்த்து ஓதிப் பழகிய பிள்ளைக்கு, எழுத்து பிறக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பது புதிய வேலையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஓதும்போது கைனுக்குக் கனம் கொடுத்து, பக்கத்து உயிரையும் தடிப்பாக்குகிறோம். பிரெஞ்சுக்கு இடத்தை மட்டும் எடுங்கள், கனத்தை விடுங்கள். ‘பரி’ என்று அந்த நகரத்தின் பெயரைச் சொல்லும்போது ர மெல்ல உரசிவிட்டுப் போக வேண்டும்.

அரபி தெரியாத வாசகர்கள் இப்படிச் செய்யலாம். ஒரு வாய்த் தண்ணீரை அண்ணாந்து தொண்டையில் கொப்பளியுங்கள். உள்நாக்குப் பக்கம் அதிரும் இடத்தை மனதில் வையுங்கள். துப்பிவிட்டு, தண்ணீர் இல்லாமல், பாதிச் சத்தத்தில் அதையே செய்யுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லை விட்டு எழும்பவே கூடாது. எழும்பினால் நம் ‘ர’ தானாக வந்துவிடும், தமிழ் நாக்குக்கு அது அவ்வளவு பழக்கம். நுனி அடங்காவிட்டால் சுத்தமான தேக்கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்திப் பிடிக்கலாம். முதலில் ‘க்ரா, க்ரி, க்ரூ’ என்று தொடங்குங்கள். க் சொல்லும்போதே நாக்கின் பின்பகுதி மேலே போய்விடுவதால் ர-வுக்குப் பாதி வழி கடந்தாயிற்று. பிறகு ‘அரா’, பிறகு சொல்லின் முதலில், கடைசியாகச் சொல்லின் இறுதியில். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் போதும். நோவு வந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் அபிப்பிராயத்தில் ‘ர’வுக்குக் கொடுக்கப்படும் மரியாதை அளவுக்கு மிஞ்சியது. நம் ர-வைச் சொன்னாலும் பிரெஞ்சுக்காரருக்கு விளங்கும், வெளியூர்க்காரர் என்று தெரியும், அவ்வளவுதான். உயிரொலி பிழைத்தால் சொல்லே மாறிவிடும். மகன் முதலில் மேலேயுள்ள இரண்டு பதில்களையும் பார்க்கட்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேரப்பிள்ளைகள் பிரான்சில். ‘பாண்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை நான் ‘பெங்’ என்று திருப்பிச் சொன்னால் சிரிக்கிறார்கள். மூக்கொலி தமிழில் இல்லாததால்தானே இந்தச் சிக்கல்?

எழுத்துத் தமிழில் இல்லை, ஐயா. பேச்சில் இருக்கிறது, ஆனால் நம் பக்கத்தில் குறைவு. தமிழ்நாட்டுச் சினிமாவில் ‘அவன் வந்தான்’ என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். கடைசியில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதில்லை. ‘வந்தா~’ என்று உயிரே மூக்கால் போய் முடிந்துவிடும். மட்டக்களப்புப் பேச்சில் நாங்கள் அந்த ‘ன்’னைப் பெரும்பாலும் முழுதாகச் சொல்கிறோம். எழுத்துக்கு நெருக்கமான பேச்சு என்று பெருமைப்படுகிற அதே குணம் பிரெஞ்சில் காலை வாருகிறது. ஆகவே பிரெஞ்சு மூக்கொலிக்கு முதல் பயிற்சி, சினிமாக்காரர் மாதிரி ‘நா~, அவ~, வந்தா~’ என்று பேசிப் பார்ப்பது. பேரப்பிள்ளைகள் இதற்கும் சிரிப்பார்கள், பரவாயில்லை.

‘பெங்’கில் பிழை ‘ங்’. நாக்கின் பின்பகுதி மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் பாருங்கள். சொல் முடிந்த பிறகும் வாய் திறந்தபடியே, தொண்டை தெரியும்படி இருக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒலியை நீட்டிக்கொண்டே மூக்கை விரலால் பொத்துங்கள். சத்தம் மாறினால் மூக்கால் காற்று போகிறது, சரி. சத்தம் முற்றாக நின்றுவிட்டால் வாய்வழி அடைபட்டிருக்கிறது, அதாவது ங் அல்லது ன் புகுந்துவிட்டது. மாற்றமே இல்லையென்றால் மூக்கொலியே வரவில்லை.

இப்போது எந்த உயிர் என்ற கேள்வி. பரிஸில் இன்று மூன்று மூக்குயிர்கள்தான் பரவலாக வழங்குகின்றன. குளிப்பு, வாங்கு (உட்காரும் பலகை), நல்ல என்ற மூன்றுக்குமான பிரெஞ்சுச் சொற்களும் ப் ஒலியில் (கம்புவில் வரும் ப) தொடங்கி ஒவ்வொரு மூக்குயிரில் முடிகின்றன. புத்தகங்கள் இவற்றை ஏ~, ஆ~, ஓ~ என்று சொல்லித்தரும். ஆனால் பரிஸ் வாயில் முதலாவது ஆ-வை நோக்கியும், இரண்டாவது ஓ-வை நோக்கியும் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் புத்தகத்தில் படித்தவருக்கு நேரில் கேட்கும்போது எல்லாம் ஒரு படி தள்ளிக் கேட்கிறது. பாணுக்கான சொல் முதல் வகை. ‘பெ~’ என்று தொடங்கி வாயை இன்னும் அகலத் திறந்து ‘பா~’ பக்கம் போங்கள். கிட்டத்தட்ட நம் ‘பாண்’ணில் ‘ண்’ணை விழுங்கியது மாதிரி வரும். நம் பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அந்தப் போர்த்துக்கேயச் சொல்லுக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் லத்தீனில் தாய் ஒன்றே. ஆக, சொந்தச் சொல்லைத்தான் ஐயா தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூக்குயிருக்குப் பின்னால் எழுத்தில் இன்னோர் உயிர் வந்துவிட்டால் மூக்கொலி போய் ‘ன்’ உயிர் பெறும். நல்லவன் ‘போ~’, நல்லவள் ‘பொன்’. ஆண்பால் பெண்பால் வேறுபாடே இதில்தான் தங்கியிருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சுத் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். இலக்கணம் சரி. வாய்மொழிப் பகுதியில் ‘ஆங்கில உச்சரிப்பு’ என்று பயிற்சிப் பரீட்சையில் குறிப்பு எழுதியிருந்தார்கள். தமிழ் உச்சரிப்பு என்றாலும் ஏற்கலாம், நான் ஆங்கிலம் அதிகம் பேசுபவனல்ல.

ஆங்கிலம் பேசாவிட்டாலும், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாயில் போடுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. டிக்கட், டொக்டர் என்று ஆங்கிலத்தின் t, d என்ற இரண்டு எழுத்துகளையும் ‘ட’ ஆக்குகிறோம். பிரெஞ்சில் அதே எழுத்துகளைக் கண்டதும் நாக்கு மடிகிறது. பிரெஞ்சில் அவை பல்லைத் தொடும் ‘த’. ‘தம்பி’யின் த ஒன்று, ‘பந்து’வின் த மற்றது. மேசை ‘தாப்ல்’, டாப்ல் அல்ல. இந்த ஒரு மாற்றத்தை இன்றே செய்யலாம், பயிற்சிகூட வேண்டாம். ஆங்கிலேயருக்கு இது வருடக்கணக்கில் சிரமம், உங்களுக்கு ‘தம்பி’ என்று கூப்பிடத் தெரிந்தால் போதும். ப், த், க் சொல்லும்போது ஆங்கிலத்தில் போல் காற்றை ஊதாமல் இருப்பதும் நமக்கு இயல்பாகவே உண்டு. ‘ஞ’வும் நம்முடையதே. மலை ‘மோ~தாஞ்’.

தமிழ்ப் பழக்கம் உண்மையிலேயே காலை வாரும் இடம் வேறு. தமிழில் க, த, ப சொல்லின் முதலில் வலிந்தும், நடுவில் மெலிந்தும் ஒலிக்கும். நாம் நினைத்துச் செய்வதில்லை, இடமே தீர்மானிக்கிறது. பிரெஞ்சில் இடத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கேக்குக்கும் அன்பளிப்புக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கதோ’தான். கேக்கில் முதல் க ‘சங்கு’வின் க, நடு த ‘தம்பி’யின் த. அன்பளிப்பில் முதல் க ‘கண்’ணின் க, நடு த ‘பந்து’வின் த. நேர் எதிர். தமிழ் வாய் இரண்டையும் அன்பளிப்பாகவே சொல்லும்.

நடுவில் வலித்து ஒலிக்க இரட்டித்து நினையுங்கள்: ‘கத்தோ’. பிறகு இரட்டிப்பின் நீளத்தை மட்டும் குறையுங்கள். முதலில் மெலித்து ஒலிக்க முன்னால் ஒரு மூக்கெழுத்தை வைத்துத் தொடங்குங்கள்: ‘ங்கா’, ‘ந்தா’, ‘ம்பா’. பத்துத் தடவை சொன்ன பின் மூக்கெழுத்தை மனதுக்குள் மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை வெளியே விடுங்கள்.

சொல்லின் கடைசியில் ‘உ’ சேர்க்காதீர்கள். கதவு ‘போர்த்’, போர்த்து அல்ல. அசைகளை எல்லாம் ஒரே கனத்தில் சொல்லி, சொற்றொடரின் கடைசி அசையை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள். வாய்மொழிக்கு 25 புள்ளிகள், மொத்தம் 100-இல் 50 எடுத்தால் சித்தி, எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. உச்சரிப்பு அந்த 25-இல் ஒரு பங்குதான். விளங்கும்படி பேசினால் போதும்.

பொத்துவில், ஓட்டோ சாரதி. அறுகம்பைக்கு வரும் பிரெஞ்சுக்காரரிடம் நல்ல மீன் கிடைக்கும் கடை இருக்கிறது என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள்.

மீன் ‘ப்வஸ்ஸோ~’. நஞ்சு ‘ப்வஸோ~’, நடு ஸ அதிரும். நஞ்சு கிடைக்கும் கடை என்று சொல்லியிருப்பீர்கள். தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு மாதிரிச் சீறுங்கள், அதிர்வு இருக்காது. அதே நிலையில் நுளம்பு இரைவதுபோலச் சத்தம் கொடுங்கள், விரலில் அதிர்வு தெரியும். மீனுக்குச் சீறுங்கள், இரைய வேண்டாம். ‘ஸகாத்’தை அரபி முறைப்படி சொல்லத் தெரிந்தவருக்கு அதிரும் ஸ எதுவென்று தெரிந்திருக்கும். ‘ஷ்’ஷையும் இதே மாதிரி அதிரவிட்டால், நாம் ‘ஜ’ என்று தடித்துச் சொல்லும் பிரெஞ்சு எழுத்தின் சரியான ஒலி வரும். ஜ-வில் நாக்கு ஒருகணம் ஒட்டிப் பிரிகிறது, பிரெஞ்சில் ஒட்டவே கூடாது.

மட்டக்களப்பு நகரிலிருந்து: கணவர் பரிஸில். விசா வந்துவிட்டது. அங்கே எழுதியிருக்கிற எழுத்தில் பாதியைச் சொல்லமாட்டார்களாம். பிறகு சில இடத்தில் இல்லாத எழுத்தைச் சேர்ப்பார்களாம். இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதா, சகோதரரே?

இருக்கிறது, சகோதரி. சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஊமை. சி, ஆர், எஃப், எல் என்ற நான்கு எழுத்துகள் கடைசியில் வந்தால் பெரும்பாலும் ஒலிக்கும் (ஈ, ஆர், அதாவது er, சேர்ந்து முடியும் வினைச்சொற்கள் விலக்கு). மெய்க்குப் பின்னால் ‘ஈ’ (e) எழுத்து நின்றால் அந்த எழுத்து ஊமையாகி, முன்னால் நின்ற மெய் வாய் திறக்கும். சிறியவன் ‘ப்தி’, சிறியவள் ‘ப்தித்’.

முதல் நாளே தேவைப்படும் பெயர்களில் பழகுங்கள். நம்மவர் ‘லாச்சப்பல்’ என்று சொல்லும் பரிஸ் பகுதி ‘லா ஷப்பெல்’. தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவின் பெயர் ‘ரீ° தீ° ஃபொபூர் சே~ த்னி’. எழுத்தில் பார்த்தால் இதைவிட இரண்டு மடங்கு நீளம். பக்கத்துப் புகையிரத நிலையம் ‘கார் தீ° நோர்’, கடைசி எழுத்து ஊமை. டாக்சிக்காரரிடம் சொல்ல இந்த மூன்றும் போதும்.

‘இல்லாத எழுத்து’ உண்மையில் இல்லாததல்ல. ஊமையாக நின்ற மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதன்மேல் ஏறிக்கொள்ளும். பள்ளியில் படித்த புணர்ச்சியேதான், மெய்யின்மேல் உயிர் ஏறுவது. நண்பர்கள் ‘லே ஸமி’. ‘வூ’ (நீங்கள்) என்பது உயிருக்கு முன்னால் ‘வூஸ்’ ஆகும். அந்த ஸ அதிரும் ஸ. அதைச் சீறினால் பொருள் மாறிவிடும்: ‘இல் ஸோ~’ அதிர்ந்தால் அவர்களிடம் இருக்கிறது, சீறினால் அவர்கள் இருக்கிறார்கள். ‘உம்’ பொருள் தரும் ‘ஏ’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஊமை எச் எழுத்தில் தொடங்கும் சில சொற்களும் ஏற விடாது. வீரர்கள் ‘லே ஏரோ’. அங்கே ஏற்றிவிட்டால் ‘லே ஸேரோ’, அவ்வளவு பேரும் பூச்சியங்கள்.

ஏறாவூரிலிருந்து: பக்கத்தில் ஆசிரியர் இல்லை. சரியாகச் சொல்கிறேனா என்று யார் சொல்வது?

கைத்தொலைபேசியின் விசைப்பலகையில் பிரெஞ்சு மொழியைச் சேர்த்து, பேசி எழுதும் மைக்கை அழுத்தித் தனிச்சொல்லாகச் சொல்லுங்கள். ‘ரீ°’ சொல்லி ‘சக்கரம்’ எழுதப்பட்டால் நாக்கு பின்னுக்குப் போய்விட்டது. முழு வசனமாகச் சொன்னால் இயந்திரம் சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், அந்தச் சான்றிதழை நம்ப வேண்டாம். தனிச்சொற்களைப் பிரெஞ்சுக்காரர் குரலில் கேட்க ‘ஃபோர்வோ’ தளம் இருக்கிறது. தொடர்ந்து கேட்க ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, சுமார் 10 நிமிடம், எழுத்து வடிவமும் கிடைக்கும். அதில் இரண்டு வசனத்தை எடுத்து, கேட்டு, ஒரு கணம் பிந்தி அவர் கூடவே சொல்லி, பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல். எழுத்தைப் பார்த்தவுடன் ஆங்கிலம் வந்து குறுக்கே நிற்கும்.